திறந்த கோப்புகளுக்கு ஓர் எல்லை



மக்கள் கூடும் இடம் எதுவாயினும் அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. மண்டபத்துக்கு நாற்காலிகள் எல்லை. வைத்தியசாலைக்கு இலக்கத் துண்டுகள் எல்லை. தோட்டத்துப் பீலிக்கு அதன் வாயே எல்லை. ஆயின், கணினியைப் பற்றி நினைக்கும்போது மட்டும் நாம் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றோம். பெரிய நினைவகமும் விரைவான செயலியும் வாய்த்துவிட்டால் எத்தனை பேர் வரினும் தாங்கும் என எண்ணுகின்றோம். உண்மையில், இவையெல்லாம் வெறுமனே ஓய்ந்திருக்க, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறிய எண் வாயிலை அடைத்து நிற்பதுண்டு. திறந்த கோப்புகளின் எல்லை என்று அவ்வெண்ணைக் கூறுவர். அது யாது, ஏன் வந்தது, எப்போது அதனை உயர்த்தலாம், எப்போது உயர்த்தலாகாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் இன்று இணையத்தின் வழியாகவே முதலில் மாணவரை வந்தடைகின்றன. அந்த நாளை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் பதுளையிலும் உள்ள மாணவரும், பெற்றோரும், அதிபர்களும், அயலாரும் ஒரே மணித்தியாலத்தில் ஒரே வாயிலைத் தட்டுகின்றனர். ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஓர் இலயத்துக்கு ஒரு கைப்பேசி என்னும் நிலையில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாய்க் குனிந்து நோக்குவதும் உண்டு. திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. பிள்ளையின் பதின்மூன்று ஆண்டுக் கல்வியின் பயன் அச்சுழலும் வட்டத்துக்கு அப்பால் நிற்கின்றது. அண்டை நாடாகிய இந்தியாவில், 2021 ஏப்ரில் 28 ஆந் திகதி மாலை 4 மணிக்கு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் வாயில் திறக்கப்பட்டது. அந்த முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். தொடக்க நிமிடங்களில் உள்ளே நுழைய இயலாது தவித்தோரும் பலர். ஒரே வேளையில் பெருங்கூட்டம் வருவது இக்காலத்தின் இயல்பாகிவிட்டது. ஆதலின், அக்கூட்டத்தை எதிர்கொள்ளும் இயந்திரத்தின் உள்ளமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் நம் அனைவர்க்கும் பயனுடைத்து.

முதலில், கோப்பு என்றால் என்ன? அலுவலகத்தில் கோப்பு என்பது தாள்களின் கட்டு. கணினியில் அது வன்தட்டில் எழுதிவைத்த பதிவு. ஆயின், 1969 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கியபோது, இச்சொல்லின் பொருளை விரித்தனர். எழுதிய பதிவும் கோப்பு, விசைப்பலகையும் கோப்பு, அச்சுப்பொறியும் கோப்பு எனக் கொண்டனர். பிற்காலத்தில், தூரத்திலுள்ள மற்றொரு கணினியோடு கொள்ளும் தொடர்பும் இவ்வாறே கையாளப்பட்டது. படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் ஒரே வகைச் செயல்களால் யாவற்றையும் ஆளலாம் என்பதே இதன் சிறப்பு. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் முறைமையும் இந்நெறியையே பின்பற்றியது. இன்று உலகின் சேவையகங்களிற் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆகவே, ஒரு மாணவி தன் சுட்டெண்ணை இட்டுப் பெறுபேற்றைக் கேட்கும்போது, சேவையகத்தின் கணக்கில் அவளும் ஒரு திறந்த கோப்பாகவே பதியப்படுகின்றாள்.

ஒவ்வொரு திறந்த கோப்புக்கும் முறைமை ஓர் இலக்கம் வழங்கும். பாடசாலை நூலகத்தை உவமையாகக் கொள்ளலாம். நூல் வேண்டுவோர்க்கு நூலகர் ஓர் இலக்கத் துண்டு தருகின்றார். நூல் திரும்பியதும் துண்டும் திரும்புகின்றது. அதே துண்டு அடுத்தவர்க்குப் பயன்படுகின்றது. கணினியிலும் அவ்வாறே. இயங்கும் ஒவ்வொரு நிரலும் 0, 1, 2 என்னும் முதல் மூன்று இலக்கங்களை உள்வரவு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கு எடுத்துக்கொள்ளும். அடுத்துத் திறப்பவற்றுக்கு, அப்போது எஞ்சியுள்ளவற்றுள் மிகச் சிறிய இலக்கம் வழங்கப்படும். பெட்டியிலுள்ள துண்டுகள் தீர்ந்துவிட்டால், நூலகத்தில் ஆயிரம் நூல்கள் இருப்பினும் வாசகர் வெறுங்கையுடனேயே நிற்க வேண்டும்.

ஏன் இவ்வாறு ஓர் எல்லை வைத்தனர்? அக்காலக் கணினியின் நினைவகம் மிகச் சிறியது. பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒருவருடைய பிழையான நிரல் கோப்புகளைத் திறந்துகொண்டே போனால் மற்றையோர் அனைவரும் முடங்கிப்போவர். எனவே 1975 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் ஒரு நிரலுக்கு 15 கோப்புகளே என்று வரையறுத்தனர். 1979 இன் ஏழாம் பதிப்பில் அது 20 ஆயிற்று. இன்று நமக்கு நகைப்பைத் தரும் இவ்வெண்கள் அன்றைக்குப் போதுமானவையாகவே இருந்தன. எல்லை என்பது தண்டனை அன்று. ஒருவரின் மிகுதியால் பிறர் அழியாவண்ணம் இட்ட வேலி.

லினக்ஸில் இவ்வேலி மூன்று வரிசையாக அமைந்துள்ளது. முதலாவது நெகிழெல்லை. ஒரு நிரல் இப்போது எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்பதை அது கூறும். வழமையாக அது 1024. இரண்டாவது வல்லெல்லை. நிரல் தன் நெகிழெல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளலாம். ஆயின் வல்லெல்லையைத் தாண்டலாகாது. அதனை உயர்த்தும் அதிகாரம் முறைமையின் தலைமை நிருவாகிக்கே உண்டு. மூன்றாவது, கணினி முழுமைக்குமான மொத்த எல்லை. முதலிரண்டும் ஒரு வீட்டுக்கு உரியவை என்றால், மூன்றாவது ஊருக்கு உரியது. நிரலின் எல்லை முட்டும்போது 24 ஆம் இலக்கப் பிழையும், முறைமையின் எல்லை முட்டும்போது 23 ஆம் இலக்கப் பிழையும் தோன்றும். முன்னையதன் வாசகம், மிகப் பல கோப்புகள் திறந்துள்ளன என்பது. எந்த வேலியில் முட்டினோம் என்பதை இவ்விலக்கமே காட்டிக்கொடுக்கும்.

எல்லை முட்டியவுடன் நிகழ்வது யாது? புதிதாய் வருவோரை ஏற்க நிரலிடம் இலக்கம் இல்லை. அவர்கள் வாயிலுக்கு வெளியே ஒரு வரிசையில் காத்து நிற்பர். அவ்வரிசையும் நிரம்பினால் திரும்பிப் போவர். உள்ளே ஏற்கப்பட்டவர்க்கும் உய்வில்லை. அவருக்குக் காட்டவேண்டிய பக்கத்தைத் திறப்பதற்கும் ஓர் இலக்கம் வேண்டுமே! அதுவும் கிடையாது. இந்நிலையில் நிருவாகி கருவிகளை நோக்கினால் செயலி களைப்பின்றி இருக்கும். நினைவகத்தில் இடம் மிஞ்சியிருக்கும். எனினும் தளம் செயலிழந்து கிடக்கும். செம்மையாக எழுதப்படாத நிரலாயின், ஏற்க முயல்வதும் தோற்பதும் அத்தோல்வியைப் பதிவேட்டில் எழுதுவதுமாகச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை சுழன்று, வன்தட்டையே நிரப்பிவிடும். ஒரு நோய் மற்றொரு நோயைப் பெறும் விதம் இது.

இனி, நோயறியும் முறையைக் கூறுவோம். இரண்டு வேறு காரணங்கள் ஒரே அறிகுறியைத் தரும். ஒன்று, உண்மையான கூட்டம், மற்றொன்று, கசிவு. எம்மூர் வழியே பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1924 இல் நிறைவுற்றது. அது ஒற்றைப் பாதை. அத்தகைய பாதையில் சாரதியிடம் ஒரு தகடு கொடுக்கப்படும். அடுத்த நிலையத்தில் அதனை அவர் ஒப்படைத்த பின்னரே அப்பகுதிக்குள் மற்றொரு வண்டி நுழைய இயலும். ஒரு சாரதி தகட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாதை வெறுமையாகவே இருக்கும். ஆயினும் வண்டி ஓடாது. நிரல் தான் திறந்த கோப்பை மூட மறப்பதும் இத்தகையதே. அதனையே கசிவு என்பர்.

இவ்விரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. லினக்ஸில் புரொக் என்னும் அடைவுக்குள், இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பகுதி உண்டு. அதனுள் அந்நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் அனைத்தும் இலக்கத்தோடு நிரல்படக் காணப்படும். மணித்தியாலத்துக்கு ஒரு முறை அவற்றை எண்ணிக் குறித்துவந்தால் போதும். கூட்டம் ஏறும்போது ஏறி, கூட்டம் இறங்கும்போது இறங்கினால் அது உண்மையான தேவை. கூட்டம் கலைந்த நள்ளிரவிலும் இறங்காது, நாளுக்கு நாள் உயர்ந்து, நிரலை நிறுத்தித் தொடக்கினால் மட்டும் தணியுமானால் அது கசிவு. கசிவுக்கு எல்லையை உயர்த்துவது ஓட்டைக் குடத்துக்குப் பதிலாகப் பெரிய ஓட்டைக் குடத்தை வாங்குவது போன்றது. வீழ்ச்சி சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. மருந்து நிரலைத் திருத்துவதில் உண்டு.

தேவை உண்மையானதே எனத் தெளிந்தால், எல்லையை உயர்த்தலாம். இங்கே அனுபவமுள்ளோரும் இடறும் ஒரு கல் கிடக்கின்றது. லிமிட்ஸ் என்னும் அமைப்புக் கோப்பில் புதிய எண்ணை எழுதி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, யூலிமிட் என்னும் கட்டளையால் நிருவாகி சரிபார்க்கின்றார். திரை புதிய எண்ணையே காட்டுகின்றது. மகிழ்ச்சியோடு வீடு செல்கின்றார். மறுநாள் தளம் முன்போலவே வீழ்கின்றது. ஏனெனில், அக்கோப்பு கடவுச்சொல் கொடுத்து உள்நுழையும் பயனரையே கட்டுப்படுத்தும். கணினி எழும்போதே சிஸ்டம்டீ என்னும் மேலாளரால் தொடக்கப்படும் சேவைகள் அவ்வாயில் வழியே வருவதில்லை. அவற்றின் எல்லையை அந்தந்தச் சேவையின் விவரக் கோப்பில், லிமிட்நோஃபைல் என்னும் வரியில் எழுதவேண்டும். சேவையை நிறுத்தித் தொடக்கவும் வேண்டும். பின்னர்த் தன் சொந்தத் திரையைப் பார்த்து அமைதி கொள்ளாது, புரொக் அடைவில் அச்சேவைக்குரிய எல்லை எவ்வளவு என்பதை நேரே நோக்கவேண்டும். ஆணை பிறப்பித்தல் வேறு. அது உரியவரைச் சென்றடைந்ததா என்று காணுதல் வேறு. பாடசாலை நிருவாகத்திலும் இஃது உண்மை என்பதை அதிபர்கள் அறிவர்.

எவ்வளவு உயர்த்தலாம்? கணக்கிட்டே உயர்த்தவேண்டும். ஒரே வேளையில் எதிர்பார்க்கும் வருகையாளர் எண்ணிக்கை; முன்னே ஒரு வாயிற்காப்புச் சேவையகம் நின்று பின்னே உள்ளதற்குக் கைமாற்றுமாயின், ஒருவருக்கு இரண்டு இலக்கம்; தரவுத்தளத் தொடர்புகள்; பதிவேடுகள்; இவற்றோடு ஓரளவு மிகை. இவற்றைக் கூட்டி வருவதே தக்க எண். எல்லையே வேண்டாம் என விட்டுவிடுதல் ஆபத்தானது. அவ்வாறு விட்டதனால், சில முறைமைகளில் எல்லை நூறு கோடிக்கு மேல் சென்றதுண்டு. சில பழைய நிரல்கள், தொடங்கும்போது இலக்கம் ஒவ்வொன்றையும் முறையே மூடிப்பார்க்கும் வழக்கம் உடையவை. ஆயிரம் வரை எண்ணிய அவை நூறு கோடி வரை எண்ணப் புகுந்து செயலியை விழுங்கின. வேறு சில, எல்லைக்கேற்ப முன்கூட்டியே நினைவகத்தை ஒதுக்கி அதனை வற்றச் செய்தன. இன்னும் ஒரு தடை உண்டு. செலெக்ட் என்னும் பழைய செயற்கூறு, 1023 க்கு மேற்பட்ட இலக்கத்தைக் கையாள அறியாது. அதனை நம்பிய நிரலுக்கு எல்லையை உயர்த்தினால் நினைவகம் சிதைந்து புதுவகைப் பிழை தோன்றும். 2018 இறுதியில் வெளிவந்த சிஸ்டம்டீ பதிப்பு, வல்லெல்லையை ஏறத்தாழ ஐந்து இலட்சத்துக்கு உயர்த்தியபோதும், நெகிழெல்லையை 1024 இலேயே விட்டுவைத்தமைக்கு இதுவே காரணம். அறிந்த நிரல் தானே உயர்த்திக்கொள்ளட்டும்; அறியாத நிரல் பழைய வேலிக்குள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்பது அதன் கருத்து.

1999 இல் டான் கெகல் என்னும் பொறியியலாளர், ஒரு சேவையகம் ஒரே வேளையில் பத்தாயிரம் பேருக்குப் பணிசெய்யும் காலம் வந்துவிட்டது என வாதித்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் பின்னர், செலெக்ட்டுக்கு மாற்றாக ஃபிரீபிஎஸ்டி முறைமையில் கேகியூ, லினக்ஸில் ஈபோல் என்னும் புதிய செயற்கூறுகள் வேரூன்றின. இகோர் சிசொயேவ் 2004 இல் வெளியிட்ட எஞ்சினெக்ஸ் என்னும் சேவையக மென்பொருள் இவற்றின்மீதே எழுந்தது. 2012 இன் தொடக்கத்தில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், ஒரே இயந்திரத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தொடர்புகளைத் தாங்கியதாக அறிவித்தனர். பதினைந்து கோப்புகளிலிருந்து இருபது இலட்சம் வரை சென்ற பயணம் இது. எண்ணை மாற்றியதனால் மட்டும் இது நிகழவில்லை. அவ்வெண்ணைத் தாங்கும் முறையையே மாற்றியதனால் நிகழ்ந்தது.

எல்லையை மறந்தால் எத்துணை வலியவரும் வீழ்வர் என்பதற்கு ஒரு சான்று. 2020 நவம்பர் 25 ஆந் திகதி, அமேசன் நிறுவனத்தின் வட வர்ஜீனியப் பிரிவில் கினேசிஸ் என்னும் சேவை பல மணித்தியாலங்கள் தடுமாறியது. அதனை நம்பியிருந்த வேறு சேவைகளும் உடன் தடுமாறின. அன்று அதிகாலை அச்சேவைக்குச் சில புதிய இயந்திரங்களைச் சேர்த்தனர். அச்சேவையின் முன்வரிசை இயந்திரம் ஒவ்வொன்றும், அவ்வரிசையிலுள்ள மற்ற ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் இழையைத் திறந்து வைத்திருக்கும். எனவே புதியவை சேர்ந்தபோது பழையவை அனைத்திலும் இழைகள் பெருகின. பணிசெயல் முறைமை வகுத்த எல்லையை ஒருசேரக் கடந்தன. இது கோப்பெல்லை அன்று, இழையெல்லை. ஆயினும் இரண்டும் உடன்பிறப்புகள். வலிமை சேர்க்க எண்ணிய செயலே வீழ்ச்சிக்கு வித்தாயிற்று. வாடிக்கையாளர்க்கு நிலைமையை அறிவிக்கும் பலகையை மாற்றும் கருவியும், பாதிப்புற்ற சேவை ஒன்றையே சார்ந்திருந்தது என்பது மற்றொரு பாடம். அப்பொறியியலாளர் செய்தது கருதத்தக்கது. சோதியாத எல்லையை அவசரத்தில் உயர்த்த அவர்கள் விரும்பவில்லை. சேர்த்த இயந்திரங்களை நீக்கி, எஞ்சியவற்றைச் சிறிது சிறிதாகத் தொடக்கி, அன்றிரவு பத்து மணிக்குப் பின்னர் வழமைக்குக் கொணர்ந்தனர். எல்லையைச் சோதித்து உயர்த்தும் பணியைப் பின்னர் மேற்கொள்வதாக அறிவித்தனர்.

எல்லையை உயர்த்தாமலே கூட்டத்தைத் தாங்கும் வழியும் ஒன்று உண்டு. தோட்டத்துப் பீலியை மீண்டும் நினையுங்கள். வரிசை நீள்வதற்குப் பீலியின் சிறுமை மட்டும் காரணம் அன்று. குடம் நிரம்பிய பின்னும் ஒருவர் அங்கேயே நின்று கதை பேசுவதும் காரணம். சேவையகத்திலும், பக்கத்தைப் பெற்றுக்கொண்டவரின் தொடர்பு உடனே மூடப்படுவதில்லை. அவர் மீண்டும் கேட்கக்கூடும் எனச் சிறிது நேரம் திறந்தே வைக்கப்படும். எஞ்சினெக்ஸ் மென்பொருளில் இந்நேரம் இயல்பாக 75 செக்கன். ஆயிரம் இலக்கங்கள் எஞ்சியிருக்க, ஒவ்வொருவரும் 75 செக்கன் வைத்திருந்தால், செக்கனுக்குப் பதின்மூன்று புதியவரையே ஏற்கலாம். அந்நேரத்தை 5 செக்கனாகக் குறைத்தால், அதே ஆயிரம் இலக்கங்களால் செக்கனுக்கு இருநூறு பேரை ஏற்கலாம். ஒரு காசும் செலவில்லை. பெறுபேறு போன்ற, ஒருமுறை பார்த்தாற் போதுமான பக்கங்களுக்கு இது மிகப் பொருந்தும். சாதாரண நாளில் நீண்ட நேரம் நன்மை தரும். பெருநாளில் குறுகிய நேரமே நன்மை தரும்.

இவ்வளவும் கேட்ட பின்னர், நாம் செய்யத்தக்கது யாது? தளத்தை நடத்துவோர் பெருநாளுக்கு முன்னரே செயற்கைக் கூட்டத்தை அனுப்பிச் சோதிக்கவேண்டும். வெள்ளம் வந்த பின் அணைக்கு அளவெடுத்தல் பயனற்றது. வருவோர் மிகுந்தால், நீர் இத்தனையாம் இடத்தில் நிற்கின்றீர் என்று கூறும் எளிய பக்கம் ஒன்றையாவது வைக்கவேண்டும். காத்திருத்தலைக் காட்டிலும் காரணம் அறியாது காத்திருத்தலே மக்களை வருத்துவது. வருகையாளராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. திரை தாமதித்தவுடன் மீண்டும் மீண்டும் விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் புதிய இலக்கம் ஒன்றைக் கேட்கின்றோம். பழையது காலாவதியாகும் வரை அதுவும் நம் பெயரிலேயே நிற்கக்கூடும். பதினைந்து முறை அழுத்தும் ஒருவர், வரிசையில் பதினைந்து பேராய் நிற்கின்றார். அவ்விடங்களுள் ஒன்று, அயல் தோட்டத்துப் பிள்ளையின் இடமாய் இருத்தல் கூடும்.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மலையக மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் பாடநூலில் பணிசெயல் முறைமை ஓர் அலகாக இடம்பெற்றுள்ளது. அதனை வினாத்தாளுக்கு மட்டும் படியாதீர்கள். லினக்ஸ் எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. பாடசாலையின் பழைய கணினி ஒன்றில் அதனை இட்டு, எல்லையைப் பத்தாகக் குறைத்து, பதினொரு கோப்புகளைத் திறக்க முயன்று பாருங்கள். அப்பிழைச் செய்தியை ஒருமுறை கண்ணாற் கண்டவர் அதன் காரணத்தை என்றும் மறவார். நாளை இந்நாட்டின் பெருநாட்களில் அவ்வாயில்களைக் காக்கும் பொறுப்பு உங்களுள் ஒருவர் கைக்கு வரலாம். அன்று, எண் ஒன்றை மாற்றுமுன் எண்ணிப் பார்ப்பவராக அவர் இருந்தால், சுழலும் வட்டத்தின்முன் காத்திருக்கும் பிள்ளைகளின் தொகை குறையும்.